உப்பாத கேக் கற்பித்த பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல் மாணவி)

மனிதன் நெருப்பைக் கையாளக் கற்ற நாளில் சமையல் பிறந்தது என்பர். அதே நாளில் கருகலும் பிறந்திருக்க வேண்டும். ஆயினும் நாம் படிக்கும் நூல்களில் கருகியவை பற்றி ஒரு வரியும் இல்லை. வெற்றி பெற்ற சோதனைகள் பாடமாகின்றன. வெற்றி பெறாதவை குப்பைக் கூடைக்குப் போகின்றன. அவற்றிலிருந்து யார் என்ன கற்றார்கள் என்று நாம் கேட்பதில்லை.

இக்கேள்வியை எனக்குள் எழுப்பியது வகுப்பறை அன்று. எங்கள் வீட்டு அடுப்பங்கரை. கடந்த ஓராண்டில் பதினொரு கேக்குகள் செய்து பார்த்தேன். அவற்றுள் கேக் என்று கூசாமல் சொல்லத்தக்கவை நான்கு. எஞ்சிய ஏழும் எனக்குக் கற்பித்தவற்றைச் சக மாணவ மாணவியருடனும் ஆசிரியப் பெருமக்களுடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏலத்தை ஏலம் விடும் ஊர்

தென்னகத்தின் காஷ்மீர் என்று போற்றப்படும் போடிநாயக்கனூர் எங்கள் ஊர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. அம்மலைக்கு அப்பால் ஏலத் தோட்டங்கள். ஏலத்தையே ஏலம் விடும் ஊர் எங்களுடையது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கு இயங்குகிறது. விடியுமுன் தெருமுனையில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். போடிமெட்டைக் கடந்து கேரளத்துத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டும் வேளையில் திரும்புவார்கள். அவர்களுள் ஒருவர் என் தாயார்.

என் தந்தையார் மலையில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் தீப்போடும் வேலை செய்கிறார். ஸ்டோர் என்றால் கடை அன்று. பச்சைக் காயை உலர்த்தும் இடம். அறைக்கு வெளியே விறகு எரியும். அச்சூடு இரும்புக் குழாய்களின் வழியே அறையைச் சுற்றி வரும். உள்ளே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். சூடு குறைந்தால் காய் பூசணம் பிடிக்கும். மிகுந்தால் வெடிக்கும், பச்சை நிறமும் போகும். நிறம் போனால் விலை போயிற்று. ஆகவே இரவெல்லாம் கண் விழித்துத் தீயைக் காக்க வேண்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவார். அவர் சட்டையிலிருந்து வரும் ஏல மணத்தை வைத்தே அவர் வந்துவிட்டதை அறிவோம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் படிக்கிறேன் என்றால் அம்மாவுக்கு அது மருந்துக் கடைப் படிப்பு. "எதையாவது கலக்கி ஏதாவது பண்ணுவாக" என்று அக்கம்பக்கத்தில் விளக்கம் சொல்லி வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு என் தம்பி, தன் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டும் என்றான். பேக்கரியில் விலை விசாரித்தபோது அம்மாவின் ஒரு நாள் கூலி அதற்கே போய்விடும் என்று தெரிந்தது. "நீதான் கலக்குற படிப்புப் படிக்கிறியே தாயி, வீட்டுல கலக்கிப் பாரு" என்றார் அம்மா. அவ்வாறு தொடங்கிற்று என் ஆராய்ச்சி.

சோப்பு மணத்த முதல் கேக்

ஓவன் எங்கள் வீட்டில் இல்லை. பிரஷர் குக்கரின் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் மணல் பரப்பி, அதன்மேல் பாத்திரம் வைத்துச் சுடலாம் என்று பலரும் சொல்வதுண்டு. மைதா ஒன்றரை டம்ளர், சர்க்கரை ஒரு டம்ளர், முட்டை இரண்டு, எண்ணெய் அரை டம்ளர். வெண்ணெய் எங்கள் கைக்கு எட்டாதது. பேக்கிங் பவுடர் எங்கள் தெருக் கடையில் இல்லை. ஆப்பசோடா இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் உட்பட எங்கள் தெருவே நம்பியது.

அந்தக் கேக் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வந்தது. நிறம் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒன்று. தம்பி ஒரு வாய் தின்றுவிட்டு, "அக்கா, சோப்பு வாசம் அடிக்குது" என்றான்.

அவன் சொன்னது வெறும் குறும்பு அன்று, வேதியியல் உண்மை! ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட். அமிலம் சேர்ந்தால் அது உடனே கரியமில வாயுவை வெளியிடும். அமிலம் இல்லாமல் சூடு மட்டும் பட்டால் அதன் வாயுவில் பாதிதான் வெளியேறும். எஞ்சுவது சோடியம் கார்பனேட், அதாவது துணி வெளுக்கும் சலவைச் சோடா. தம்பியின் நாக்கு கண்டுபிடித்தது அதைத்தான். முதலாண்டிலேயே இந்தச் சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அச்சமன்பாட்டுக்கு ஒரு சுவை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பேக்கிங் பவுடரில் சோடாவோடு உலர்ந்த அமிலப் பொருளும், ஈரம் படாமல் காக்க மாவுப் பொருளும் சேர்ந்தே இருக்கும். அதை 1843ஆம் ஆண்டில் உருவாக்கியவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர வேதியியலாளர் ஆல்பிரட் பேர்ட். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்பச் செய்யும் வழியைத் தேடினார். இன்று உலகெங்கும் பயன்படும் பொருள் பிறந்தது. வீட்டுக் குறை ஒன்று விஞ்ஞானத்தின் நிறைவாயிற்று.

நம் வீட்டில் அமிலத்துக்குப் பஞ்சமா? மோர்ச் சட்டி இருக்கிறதே! புளித்த தயிரில் லாக்டிக் அமிலம் உண்டு. இரண்டாவது கேக்கில் அரை டம்ளர் தயிரையும் அரைக் கரண்டி சோடாவையும் சேர்த்தேன். மாவு கண்ணெதிரே நுரைத்துப் பொங்கியது.

தீ முந்திய கதை

இரண்டாவது கேக் உப்பத்தான் செய்தது. ஆனால் மேற்புறம் எரிமலை வாய்போல் வெடித்து, அடி கருகியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தின்று பார்க்கவில்லை, பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "தீ முந்திருச்சு ஆத்தா. காய் வெடிச்சாப்புல வெடிச்சிருக்கு பாரு. வெளித்தோலு முதல்லயே காஞ்சு இறுகிருச்சு. உள்ள இருக்குறது எங்கிட்டுப் போகும்?"

நான் திகைத்துப் போனேன். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உள்ளே பின்னர் விரியும் வாயு அதைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது என்று நூல்கள் கூறும் விளக்கத்தைத்தான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அவர் வாழ்நாளில் கேக் சுட்டதில்லை. ஆனால் சூட்டை அறிந்தவர்.

எங்களிடம் வெப்பமானி இல்லை. "குக்கரத் தெறந்து உள்ளங்கையை மேல காட்டி எண்ணு. எத்தனை எண்ணும்போது கை தானாத் திரும்புதுன்னு பாரு" என்றார் அப்பா. அடுத்தடுத்த கேக்குகளில் எண்ணிப் பார்த்தேன். நான்கு எண்ணும் முன் கை திரும்பினால் கேக் வெடிக்கும். ஏழு எண்ணினால் சரியாக வேகும். இது பன்னாட்டு அலகு முறையில் இல்லாத அலகுதான். எங்கள் குக்கருக்கு அதுவே போதுமானது.

மூன்றாவது கேக்கில் தீயைக் குறைத்தும் அடி கருகியது. காரணம் எவர்சில்வர் டப்பா. எவர்சில்வரைவிட அலுமினியம் பத்து மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எவர்சில்வரில் தீ படும் இடம் மட்டும் சூடாகும். அலுமினியத்தில் சூடு எங்கும் பரவும். நான்காவது கேக்கை அம்மாவின் பழைய அலுமினியச் சட்டியில் சுட்டேன். அடி சீராகச் சிவந்தது. ஆனால் கேக் ரப்பர் போல் இழுத்தது!

இதற்கு விடை எங்கள் தெருப் பரோட்டாக் கடையில் இருந்தது. மைதாவில் நீர் சேர்த்துப் பிசையப் பிசைய, அதிலுள்ள புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்னும் வலை உண்டாகிறது. பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து, ஊற வைத்து, வீசி விரிப்பது அந்த வலையின் வலுவை நம்பித்தான். கேக்குக்கோ அந்த வலை வலுக்கவே கூடாது. மாவு சேர்த்தபின் பத்துப் பதினைந்து சுற்றோடு கரண்டியை வைத்துவிட வேண்டும். ஒரே மைதா, இரண்டு நியாயங்கள்!

ஐந்தாவது கேக் பாதி வெந்துகொண்டிருக்கையில் எரிவாயு சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. ஆறாவது கேக் நாலரை சென்டிமீட்டர் உயரம் வந்தது, மென்மையாகவும் இருந்தது. தம்பியின் பிறந்தநாள் அதற்கு இரண்டு மாதம் முன்பே போய்விட்டிருந்தது என்பது வேறு செய்தி.

மலை ஏறிய கேக்

ஆறாவது கேக் தந்த துணிவில், விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போனபோது அதே அளவுகளோடு, அதே சட்டியோடு மலை ஏறினேன். சித்தி போடிமெட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறார். கேக் கீழே வந்ததைவிட அழகாக எழும்பிற்று. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். அடுப்பை அணைக்குமுன் அவர்கள் கண்ணெதிரே அதன் நடுப்பகுதி மெல்ல மெல்ல இறங்கிக் கிணறாயிற்று.

அளவு அதேதான். கை அதேதான். மாறியது எது? காற்று! போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேலே. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலையும் குறையும். மேலே பருப்பு வேகத் தாமதமாகும் என்பது தோட்டத்துப் பெண்கள் அனைவரும் அறிந்தது. கேக்கிலோ அழுத்தம் குறைந்ததால் வாயுக்குமிழிகள் விரைவாகவும் பெரிதாகவும் விரிகின்றன. மாவு வெந்து சுவராக இறுகுமுன் குமிழிகள் உடைந்துவிடுகின்றன. சுவர் எழுமுன் கூரை போட்டால் நிற்குமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் மலைப்பகுதி. அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியில் 1920களின் இறுதியில், காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஓர் அறையை அமைத்து, வெவ்வேறு உயரங்களுக்கு ஏற்றபடி கேக் அளவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு கல்லூரி கேக் குழி விழுவதை ஆராயத் தக்க பொருளாக ஏற்றுக்கொண்டது என்பதை அறிந்தபோது என் நெஞ்சம் நிமிர்ந்தது. உயரம் கூடினால் சோடாவையும் சர்க்கரையையும் சிறிது குறைத்து, ஈரத்தைச் சிறிது கூட்ட வேண்டும் என்பதே அத்தகைய ஆய்வுகளின் சாரம். எட்டாவது கேக்கில் அவ்வாறே செய்தேன். கிணறு மறைந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிறு பள்ளம் மட்டும் எஞ்சியது. சித்தி அப்பள்ளத்தில் ஒரு முந்திரிப் பருப்பை வைத்து, "இப்ப யாரு கண்டா?" என்றார்.

வெடித்த காயும் வெளிநாட்டு ரொட்டியும்

ஒன்பதாவது கேக்கில்தான் ஏலக்காய் சேர்த்தேன். ஏலக் காட்டிலேயே உழலும் எங்கள் குடும்பத்தில் ஏலக்காய் விழா நாள் பொருள். எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பச்சைக் காய் ஏலத்துக்குப் போகும். வெடித்த காய் மலிவாகக் கிடைக்கும். ஏலத்தின் மணம் தோலில் இல்லை; உள்ளிருக்கும் கறுப்பு விதையில் இருக்கிறது. சினியோல், டெர்பினைல் அசிடேட் ஆகியவை அம்மணத்தின் முதன்மைக் கூறுகள். இவை எளிதில் ஆவியாகிவிடும். வெடித்த காயில் மணம் நெடுநாள் தங்காது என்பதால்தான் விலை குறைவு. உடனே பயன்படுத்துவோருக்கு அதனால் நட்டமில்லை. சர்க்கரையோடு சேர்த்துப் பொடித்து அப்போதே மாவில் கலந்தால் தெருவே மணக்கும்.

சுவீடன், பின்லாந்து முதலிய குளிர் நாடுகளில் ஏலக்காய் சேர்த்த ரொட்டி அன்றாட உணவு என்று படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "நாம எடுக்குற காய அவுக ரொட்டியில போடுறாகளா?" என்று வியந்துவிட்டு, "நாமளும் போட்டாச்சுல்ல" என்றார்.

தலைச்சேரி பாப்பு

கைக்கு எட்டிய பொருளைக்கொண்டு கேக் செய்த முன்னோடி ஒருவரை ஈண்டு நினைவுகூர்வது பொருந்தும். கேரளத்துத் தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் செய்யும் தொழிலைக் கற்று வந்து, 1880இல் ராயல் பிஸ்கட் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி, சீமையிலிருந்து கொண்டுவந்த கேக் ஒன்றைச் சுவைக்கக் கொடுத்து, அதுபோல் செய்யச் சொன்னாராம். பாப்பு அதற்குமுன் கேக் செய்தவர் அல்லர். கொல்லரிடம் சொல்லி அச்சு வார்த்தார். சேர்க்கச் சொன்ன பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப் பழமும் வாழைப்பழமும் புளித்த உள்ளூர்ச் சாற்றைச் சேர்த்தார். துரை சுவைத்து மகிழ்ந்து மேலும் ஒரு டஜன் கேட்டார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதுவே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்றும் போற்றுகின்றனர்.

இக்கதையைப் படித்தபோது எனக்கு ஓர் ஆசை உண்டாயிற்று. அந்த டிசம்பர் மாதத்தில் பாப்புவின் அடுப்பில் துரைக்கு அனுப்ப முடியாதபடி வந்த கேக்குகள் ஏதேனும் இருந்தனவா? இருந்தால் அவற்றைத் தின்றவர் யார்? வரலாறு வென்ற கேக்கை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது.

நாற்பது பக்க நோட்டு

எங்கள் வீட்டில் எந்தக் கேக்கும் கீழே கொட்டப்படவில்லை. ஒரு கேக்குக்கு ஆகும் செலவு அம்மாவின் கால்நாள் கூலி. கருகிய அடியைச் சுரண்டி, வெந்த பகுதியைப் பாலில் ஊற வைத்துத் தின்றோம். ரப்பர் கேக்கை மெல்லியதாக அரிந்து மறுபடி சுட்டு, கடுங்காப்பிக்குத் தொட்டுக்கொண்டோம். முதல் கேக்கை மட்டும் பக்கத்து வீட்டு ஆடு தின்றது.

முதல் நாளே அம்மா ஒன்று சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "கெட்டுப்போச்சுன்னா அதையும் எழுதி வச்சுக்க தாயி. மறந்துட்டா மறுபடியும் மாவு போகும்." அதற்காகவே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். தேதி, அளவு, பாத்திரம், தீ, கை எண்ணிக்கை, அடிக்கோலால் அளந்த உயரம், தின்றவர் கருத்து என்று ஒவ்வொரு கேக்குக்கும் ஒரு பக்கம். இன்று புரட்டினால், எனக்கு மிகுதியாகப் பயன்படுபவை அந்த ஏழு கேக்குகளின் பக்கங்களே. நல்ல கேக்கின் பக்கத்தில் 'நன்று' என்று மட்டும்தான் இருக்கிறது.

இனி, நம் ஆய்வகப் பதிவேடுகளை எண்ணிப் பாருங்கள் தோழர்களே! பருமனறி பகுப்பாய்வில் மூன்று முறை அளந்தால் மூன்று முறையும் அச்சடித்தாற்போல் ஒரே எண். பியூரெட்டின் மிகச் சிறிய பிரிவே 0.1 மில்லிலிட்டர், அதைப் படிக்கும் கண்களோ முப்பது. இருந்தும் வகுப்பு முழுதும் ஒரே விடை! நிறம் மாறாத குடுவைகள், வராத வீழ்படிவுகள், உடைந்த படிகங்கள் எவற்றுக்கும் நம் பதிவேட்டில் ஒரு பக்கமும் இல்லை.

இதன் காரணம் சோம்பல் அன்று. அச்சம் என்றே நான் கருதுகிறேன். நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நமக்குப் பின்னால் ஒரு ஜீப்பும், ஒரு தூக்குச் சட்டியும், ஓர் இரவு விழிப்பும் நிற்கின்றன. ஒரு தாளில் தவறினால் வீடே தளர்ந்துவிடும் என்ற எண்ணம் நம்மை அழுத்துகிறது. ஆகவே சரியாக வராததை யாரிடமும் காட்ட நமக்குத் துணிவு இல்லை. ஆனால் அந்த வீடுகள் நாம் நினைப்பதுபோல் தோல்வியைக் கண்டு அஞ்சுபவை அல்ல. வெடித்த காயை வைத்தே அடுத்த இரவின் தீயைத் திருத்திக்கொள்கிறார் என் தந்தை. கெட்டதை எழுதி வை என்கிறார் என் தாய். வறுமை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது தோல்வியை மறைப்பதை அன்று. அதை வீணாக்காமல் இருப்பதை.

ஆசிரியப் பெருமக்களிடம் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. பதிவேட்டின் இறுதியில் 'எதிர்பார்த்தபடி வராதவை' என்று சில பக்கங்கள் ஒதுக்க இசைவு தாருங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டா. மதிப்பு இருந்தால் போதும். மாணவத் தோழர்களே, அப்பக்கங்களை நேர்மையாக நிரப்புங்கள். நாளை நம் பின்னே இக்கல்லூரிக்கு வரும் தம்பி தங்கையர் அவற்றைப் படித்து, அதே இடத்தில் ஒரு கைப்பிடி மாவையேனும் மிச்சப்படுத்துவார்கள். அதுவே நாம் கற்ற கல்வியின் பயன் எனலாம்.